மயில்துத்தப் பொட்டலம்

என் மகன் அறிவுச்செல்வனின் வக்கீல் அனுப்பிய வாக்குமூலத்தில் ஒரே ஆங்கிலச் சொல் மூன்று இடங்களில் வந்திருந்தது. விட்ரியாலிக். என் மருமகள் வானதியின் நாக்கு அப்படிப்பட்டதாம். கீழே என் பெயர் அச்சாகியிருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டுவிட்டால், விவாகரத்து வழக்கில் மாமனாரே அவளை வாய்க்கொடுமைக்காரி என்று சாட்சி சொன்னதாக ஆகிவிடும்.

போடுவதாகத்தான் இருந்தேன். எட்டு மாதத்துக்கு முன் மன்னார்குடியில் ஒரு புதுமனைப் புகுவிழா. பந்தியில் என் பக்கத்து இலைக்காரரிடம், “பையன் சென்னையில மேனேஜர் ஆயிட்டான்” என்றேன். எதிர்வரிசையில் இருந்த வானதி கையை உதறிவிட்டு எழுந்தாள்.

“மாமா, அவருக்கு வேலை போயி ஏழு மாசம் ஆச்சு. என் சம்பளத்துலதான் வீடு ஓடுது. இப்படிப் பொய் சொல்லிட்டு சோறு எப்படி உங்களுக்கு உள்ளே இறங்குது?”

நாற்பது பேர் கேட்டார்கள். அன்றோடு அவளுடன் பேச்சை நிறுத்தினேன். எங்கள் வீட்டாரை யாரும் சபையில் அப்படிப் பேசியதில்லை.

நான் முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலம் நடத்தியவன். கையெழுத்துப் போடுமுன் அந்தச் சொல்லை அகராதியில் பார்த்தேன். லத்தீனில் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. கண்ணாடி போல் மின்னும் உப்புக் கட்டிகளுக்கு முதலில் அந்தப் பெயர். நம் மயில்துத்தமும் அந்த வகைதான். அத்தகைய கட்டியைச் சுட்டு வடித்த அமிலத்துக்கும் அதே பெயர் ஒட்டியது. அமிலம் பொசுக்கியதால், பிறகு பொசுக்குகிற பேச்சுக்கும். வக்கீல் பொருத்தமாகத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை வயலில் வேலை இருந்ததால், திரும்பி வந்து கையெழுத்துப் போடலாம் என்று கிளம்பினேன். இரண்டாம் போகத் தாளடி நெல் நட்டுப் பதினைந்து நாள். பாசி பச்சைப் போர்வையாக மூடி, பயிர் மூச்சுவிட முடியாமல் மஞ்சளடித்திருந்தது. நீடாமங்கலம் கடையில் வாங்கிய மயில்துத்தப் பையோடு போனேன். வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் நாகநாதன் இன்னும் வரவில்லை. பையை அவிழ்த்துப் பாசி மேல் கொட்டப் போனபோது வரப்பிலிருந்து குரல்.

“அய்யா! அய்யா! என்ன செய்றீங்க? மொத்தமாக் கொட்டினா வேர் வெந்துடும்.”

நாகநாதன் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் வானதி, கையில் செருப்போடு.

“வீடு பூட்டியிருந்துச்சு. என் சர்டிபிகேட்டெல்லாம் உங்க பீரோவுலதான் இருக்கு. எடுத்துட்டுப் போயிடுறேன்” என்றாள் என்னிடம். பிறகு நாகநாதனிடம், “அண்ணே, அவர் பாடம் நடத்தினவர். அவருக்குப் பாடம் நடத்தாதீங்க.”

நாகநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு துத்தத்தைக் கோணித்துணியில் பொட்டலமாகக் கட்டினார். வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் நுழையும் வாமடையில் குச்சி நட்டு அதில் தொங்கவிட்டார். தண்ணீர் பொட்டலத்தை உரசிக்கொண்டு மெல்லிய நீலமாக உள்ளே போயிற்று.

“கொஞ்சங் கொஞ்சமாப் போனா பாசி சாகும், பயிர் பிழைக்கும். வாமடையை மட்டும் அடைச்சிடாதீங்க அய்யா. அடைச்சா ஒண்ணும் உள்ளே போகாது.”

நான் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பந்திக்கு முன் அவள் எனக்கு ஐந்து முறை போன் செய்திருந்தாள். முதல் முறை, “அவர் கொஞ்சம் சோர்வா இருக்கார் மாமா, நீங்க பேசினா நல்லாயிருக்கும்.” அடுத்த முறை, “ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல மாமா.” மூன்றாம் முறை வேலை போனதைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும், “குடும்ப விஷயத்தைப் போன்ல பேசாதே” என்று துண்டித்தேன். ஐந்தாவது முறை எடுக்கவே இல்லை. மகனிடமும் கேட்கவில்லை. மேனேஜர் என்று சொன்னபோது எனக்கு எல்லாம் தெரியும்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்துவிட்டேன். சான்றிதழ் உறையை எடுத்து மேசைமேல் வைத்தபோது, அங்கே கிடந்த வாக்குமூலம் அவள் கண்ணில் பட்டது. தொடவில்லை.

“போட்டுட்டீங்களா?”

“இல்லை.”

அவள் முன்னாலேயே மகனை அழைத்தேன். “நான் கையெழுத்துப் போட மாட்டேன்ப்பா. அவ சொன்னதுல ஒண்ணுகூடப் பொய் இல்லை. பொய் சொன்னவன் நான். உனக்கு வேலை இல்லைன்னா அது அவமானமா? வக்கீலை விடு. முதல்ல நீ ஊருக்கு வா.”

“வானதி அங்க இருக்காளாப்பா?” என்றான். குரல் உடைந்திருந்தது. போனை அவளிடம் நீட்டிவிட்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன். என் மனைவி இறந்துபோனதிலிருந்து சமையல் நான்தான்.

நெடுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. சான்றிதழ் உறை மேசை மேலேயே இருந்தது.

“நாளைக் காலை ரயிலுக்கு வர்றாராம்.”

“நீயும் இரும்மா.” கொஞ்சம் தாமதித்து, “போனை நான் எடுத்திருக்கணும்” என்றேன். யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாததால் சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

நான் போட்ட இலைமுன் அவள் உட்கார்ந்தாள், எதிரே நானும். ஒரு வாய் சாப்பிட்டாள்.

“சாம்பார்ல உப்பே இல்ல மாமா. யாரு வச்சது?”

“நான்தான்.”

“தெரியுது.”

உப்பு ஜாடியை எடுத்துவர எழுந்தேன்.