செவ்வாய்க்கிழமைத் தூக்கம்

டீச்சரின் கணவருக்குப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். வேறு வேலையில் இருந்திருந்தால் இதை ஒரு குறை என்று சொல்லியிருப்பார்கள். அவர் மெத்தைக் கடை மேனேஜர். வாங்க வந்தவர் தயங்கினால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே மெத்தையில் படுத்துக் காட்டுவார். ஒரு தடவை அப்படிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வாடிக்கையாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதையே எடுத்துக்கறேன். அவர் எழுந்ததும் அனுப்பி வைங்க" என்று பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. டீச்சருக்கும் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு அன்று காலையோடு சரி. மத்தியானம் சாப்பிட்ட கையின் ஈரம் காய்வதற்குள் அவர் கட்டிலில் சாய்வார். டீச்சர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் அட்டையும் தாளுமாக உட்காருவாள். கல்யாணமான முதல் வருஷத்தில் ஆரம்பித்த பழக்கம். இதைக் காதல் என்றும் சொல்லலாம். அந்த வீட்டில் அசையாமல் கிடைக்கிற ஒரே மனிதர் அவர்தான் என்றும் சொல்லலாம். மாடியில் குடியிருந்த நாத்தனாரை ஒரு தடவை உட்காரவைத்துப் பார்த்தாள். "இடுப்பைக் கொஞ்சம் குறைச்சிடு அண்ணி, கழுத்தைக் கொஞ்சம் நீட்டிடு" என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே வர, முடித்தபோது தாளில் இருந்தது வேறு யாரோ.

கணவரிடம் அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் அவரிடம் சொல்லவும் முடியாது. அடையாள அட்டைப் புகைப்படத்துக்கே மூன்று தடவை தலை வாரிக்கொள்கிற ஆள் அவர். வாயைத் திறந்துகொண்டு, பனியன் மேலே ஏறிப்போய், ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கத் தன்னை யாரோ ஐந்து வருஷமாக வரைகிறார்கள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? அதனால் படங்களை எல்லாம் அவர் படுக்கிற மெத்தைக்கு அடியிலேயே பரப்பி வைத்தாள். நாள் முழுக்க மெத்தையைத் தூக்கிக் காட்டுகிறவர் வீட்டுக்கு வந்தும் தூக்கிப் பார்க்கமாட்டார் என்பது அவள் கணக்கு. மெத்தை மாற்றுகிற நாளில் மட்டும் முன்கூட்டியே எடுத்துப் பீரோவில் ஒளிப்பாள். "என்ன வரையறே?" என்று அவர் எப்போதாவது கேட்டால், "பூ" என்பாள்.

இப்படி இருக்கையில்தான் அவளுக்கு முதுகலை படிக்கிற ஆசை வந்தது. வந்தது என்பதைவிட, முப்பத்துநாலு வயதில் இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. கல்லூரி அரைநாள் பஸ் தூரத்தில் இருந்தது. இரண்டு வருஷம். ஹாஸ்டலில் தங்க வேண்டும். எந்தப் பிரிவு என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டியிருந்ததால் வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சு.

"ஓவியத்துல மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு என்ன பண்ணுவே?" என்று கேட்டார் கணவர்.

"படம் வரைவேன்."

"அதை இப்பவே பண்றியே."

டீச்சர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

"விளம்பரக் கலை எடு. நம்ம ஊர்லயே சாயங்காலக் காலேஜ்ல இருக்கு. வேலையும் உடனே கெடைக்கும். எங்க கடை போர்டுலயே மெத்தை எது, பிஸ்கட் எதுன்னு தெரியலை."

"கலை வரலாறு எடு அண்ணி" என்றாள் நாத்தனார். "அடுத்தவங்க வரைஞ்சதைப் பாத்துக் குறை சொன்னா போதும். எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே படிச்சிருப்பேன்."

"சிற்பம்னு ஒண்ணு இருக்கு" என்றாள் டீச்சர், சும்மா ஒரு பேச்சுக்கு.

"கல்லு தூக்கணும். நீ தண்ணிக் கேனுக்கே அண்ணனைக் கூப்பிடறே."

கணவர் மறுபடியும் விளம்பரக் கலைக்கு வந்தார். அந்த வாரம் முழுக்க வந்துகொண்டே இருந்தார். போகாதே என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவளும் ஒரு மூச்சு சண்டை போட்டிருப்பாள். அவர் அதைச் சொல்லவில்லை. வேலைவாய்ப்பைத்தான் சொன்னார். டீச்சர் விண்ணப்பத்தில் ஓவியம் என்று எழுதி, அவர் பார்க்கும்போதே உறையை ஒட்டினாள்.

நேர்காணலுக்கு அவரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். படங்கள் இருந்த பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தார், மடங்கிவிடக் கூடாதே என்று. மேலே நாலு பூப்படத்தை வைத்து மூடியிருந்தாள் டீச்சர். தன்னையே முதுகில் சுமந்துகொண்டு நிற்கிற மனிதரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் தலைவர், இந்தப் பக்கம் ஓவியத்துறைக்காரர், அந்தப் பக்கம் சிற்பத்துறை அம்மா. படங்களைத் தரையில் தேதிவாரியாகப் பரப்பச் சொன்னார்கள். தாள்கள் பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு காய்ந்த களிமண் உருண்டையை வைத்தார்கள். கதவிலிருந்து ஜன்னல்வரை மெத்தைக் கடை மேனேஜர் தூங்கினார்.

மூன்று பேரும் வியர்த்துக்கொண்டே சுற்றிவந்தார்கள்.

"இது யாரு?" என்றார் தலைவர்.

"என் வீட்டுக்காரர், சார்."

"எல்லாமேவா?"

"அந்த நாலும் பூ, சார்."

"பூ வேண்டாம்" என்றார் ஓவியத்துறைக்காரர், இரக்கமே இல்லாமல். "அதை எடுத்து வெச்சிடுங்க."

தலைவர் நெற்றியைத் துடைத்தார். "அவருக்குத் தெரியுமா?"

டீச்சர் நாலு பூப்படத்தையும் அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"இங்க ஒரு விதி இருக்கும்மா. ஆளை வெச்சு வரைஞ்சா அந்த ஆளோட சம்மதம் வேணும். இல்லேன்னா நாங்க கணக்குல எடுத்துக்க முடியாது. முன்னே ஒரு பையன் அவன் மாமனார் பல் தேய்க்கறதை வரைஞ்சுட்டு வந்தான். நல்ல படம். மாமனார் இந்த ரூமுக்கே வந்து நின்னுட்டார்."

"பிரஷ்ஷோட" என்றார் ஓவியத்துறைக்காரர்.

"உங்க வீட்டுக்காரர் எங்கே?"

"வெளியில இருக்கார், சார்."

கூப்பிட்டு அனுப்பினார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவது தெரிந்தது. ஐந்து வருஷம் வரைந்ததெல்லாம் அந்தச் சீப்புக்கு முன்னால் என்ன ஆகப்போகிறதோ.

அவர் உள்ளே வந்து, "வணக்கம்" என்றார். பிறகு கீழே பார்த்தார். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

தலைவர் விஷயத்தைச் சொன்னார். "கட்டாயம் இல்லை. நீங்க சரின்னு வாயால சொன்னா போதும். அப்புறம் சீட்டைப் பத்திப் பேசலாம். வேண்டாம்னா நீங்க படங்களைத் திரும்ப எடுத்துட்டுப் போகலாம். இந்த வருஷம் அவ்வளவுதான்."

"சரின்னு சொன்னா இவ ரெண்டு வருஷம் இங்க இருப்பா."

"இருக்கலாம்."

"வேண்டாம்னு சொன்னா?"

"இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடலாம்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார், கடைக்குச் சரக்கு வந்து இறங்கினால் பார்க்கிற அதே நடை. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. விழித்திருக்கிற அந்த முகத்தில் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இது என் வயிறா?" என்று குனிந்தார்.

"போர்வைங்க."

"இது?"

"அது வயிறு."

இன்னும் நாலடி போனார். "இது நார் மெத்தை. அப்போ நம்மகிட்ட அதுதான் இருந்துச்சு. இங்கேருந்து ஸ்பிரிங். இது ஃபோம், குழி விழுந்தது விழுந்தபடி நிக்குது பாருங்க."

"நானும் அதைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றாள் சிற்பத்துறை அம்மா. அதுவரை வாயைத் திறக்காதவள். "ஆளோட கனம் மெத்தையில எங்க எங்க இறங்குதுன்னு இவங்க போட்டிருக்காங்க. ஆனா எனக்கு ஒரு சந்தேகம்." ஜன்னலுக்குப் பக்கத்து வரிசையைக் காட்டினாள். "இங்கேருந்து அந்தக் கடைசி வரைக்கும் இவர் தூங்கலை."

"தூங்கறாரே" என்றார் ஓவியத்துறைக்காரர். "கண்ணு மூடியிருக்கு."

"கண்ணை விடுங்க. பாதத்தைப் பாருங்க. தூங்கறவங்க பாதம் வெளிப்பக்கமா சாஞ்சிடும். முதல் ரெண்டு வருஷப் படத்துல அப்படித்தான் இருக்கு. அப்புறம் கட்டைவிரல் நிமிர்ந்து நிக்குது. இது முழிச்சிட்டு இருக்கற கால்."

டீச்சர் குனிந்து பார்த்தாள். நின்றது. தாள் தாளாக, வாரம் வாரமாக, கட்டைவிரல் நிமிர்ந்தே நின்றது. கண் பார்த்திருக்கிறது, கை போட்டிருக்கிறது, புத்திக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை.

"என்னங்க?" என்றாள்.

கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "ஒரு நாள் கொசு கடிச்சுது. முழிச்சேன். நீ நாக்கை ஓரமாத் துருத்திட்டு வரைஞ்சிட்டிருந்தே. கொசுவை அடிச்சா கை அசையும், படம் கெட்டுடும். விட்டுட்டேன்."

சிற்பத்துறை அம்மா ஒரு தாளின் மேலிருந்த களிமண் உருண்டையை எடுத்தாள். "இதுதான் அந்தப் படம். கையில கொசு இருக்கு."

"அது கொசுவா?" என்றார் ஓவியத்துறைக்காரர். "நான் மச்சம்னு நெனச்சேன்."

"மூணு வருஷமா முழிச்சுட்டா படுத்திருக்கீங்க?" டீச்சரின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"எல்லா வாரமும் இல்லை. சில வாரம் நெஜமாவே தூங்கிடுவேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ நிறுத்திடுவே. பூ வரையறேன்னு வேற சொல்லியிருந்தே. அதுவுமில்லாம அடியில தாள் சேரச் சேர மெத்தை வருஷத்துக்கு வருஷம் உசந்துட்டே வந்துச்சு. என் தொழிலே அதுதானே, எனக்குத் தெரியாதா?"

தலைவர் மின்விசிறி சுவிட்சை ஏக்கத்தோடு ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினார். "சார், நீங்க சம்மதம் சொல்லணும். இல்லே வேண்டாம்னாவது சொல்லணும்."

கணவர் குனிந்து கடைசிப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போன செவ்வாய்க்கிழமை வரைந்தது. டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, இனிச் சுற்ற இடமில்லாமல் நின்றாள்.

"விளம்பரக் கலை, வேலைவாய்ப்புன்னு நான் சொன்னதெல்லாம் வேற ஒண்ணும் இல்லை" என்றார், படத்திடம் சொல்வதுபோல. "இவ இங்க வந்துட்டா செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் யாருக்காகப் படுக்கறது?"

ஓவியத்துறைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வியர்வையாகவும் இருக்கலாம்.

"சம்மதம் நான் மூணு வருஷமாக் குடுத்துட்டுதான் இருக்கேன், சார்" என்றார் கணவர். "இப்பவும் சரிதான். ஒண்ணே ஒண்ணு. கதவுகிட்ட இருக்கற அந்தப் படத்தை மட்டும் யார்கிட்டயும் காட்டாதீங்க. வாய் திறந்திருக்கு."

"அதுதான் இருக்கறதுலயே நல்லா வந்திருக்கு" என்றார் ஓவியத்துறைக்காரர்.

"தெரியுது. அதனாலதான் சொல்றேன்."

பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு அரைமணி நேரம் பேசினார்கள். ஓவியத்தில் அவளுக்கு இடம் உண்டு என்றார் தலைவர். சிற்பத்துறை அம்மா, "எனக்கும் ஒரு இடம் காலியா இருக்கு" என்றாள். விண்ணப்பத்தில் ஓவியம் என்றுதானே இருக்கிறது என்று ஓவியத்துறைக்காரர் உரிமை கொண்டாடினார். டீச்சர் தரையைப் பார்த்தாள். எத்தனையோ மத்தியானங்கள், எத்தனையோ பள்ளங்கள். எல்லாம் தாளில் தட்டையாகக் கிடந்தன.

"சிற்பம்" என்றாள். "இந்தக் குழியை ஒரு தடவையாவது கையால செஞ்சு பாக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையை இருவருமாக மடியில் படுக்கவைத்துக்கொண்டார்கள். சிற்பம் எடுத்ததை டீச்சர் சொன்னாள். ஊர் தாண்டியதும் அவர், "சிற்பம்னா கல்லு தூக்கணுமாமே" என்றார்.

"முதல் வருஷம் களிமண்தானாம்."

"அதுவும் கனம்தான்." மடியிலிருந்த பையை நேராக்கினார். "செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. விடிகாலை பஸ்ஸைப் பிடிச்சா மத்தியானத்துக்கு உன்கிட்ட வந்துடலாம். ஹாஸ்டல் வாசல்ல விசிட்டர் ரூம் இருக்கு. அங்க ஒரு பெஞ்சு போட்டிருக்காங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ உள்ளே போனதும் போய்ப் பாத்துட்டு வந்தேன். படுத்தும் பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"மோசம். முதுகுக்கு ஆகவே ஆகாது. ஒரு மெத்தை வாங்கிப் போட்டுடலாம்." சொல்லிவிட்டுத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தாள். கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது.

அவள் பென்சிலை எடுத்தாள். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஆடினார்கள். அவர் மட்டும், தூங்குகிற எந்த மனிதனாலும் முடியாத அளவுக்கு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.