சாயங்கால எலிகள்

சாயங்காலமாகியும் எலி காலைத் தூக்கவில்லை. இளஞ்சூட்டுத் தட்டில் ஆறு விநாடி, ஏழு, எட்டு. ஒன்பதில்தான் சாவகாசமாகப் பாதத்தை உதறியது. ஆய்வுக்கூட உதவியாளரான அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் ஒன்பது விநாடி தாங்குகிற எலி, சாயங்காலமானால் ஐந்திலேயே காலை எடுத்துவிடும். வலிக்கும் வேளை உண்டு என்பது அவள் வீட்டிலேயே தெரிந்த சங்கதி. மூட்டுவலிக்கார அக்கா மத்தியானம் வரை சிரித்துப் பேசுவாள். பொழுது சாய்ந்தால் தாழ்ப்பாளைக்கூட நகர்த்த முடியாமல் அழுவாள். தூக்கத்தோடு தொடர்புள்ள சின்னப் புரதத் துணுக்கை ஊசியில் ஏற்றிய பத்து எலிகளும் இன்று சாயங்காலத்தையே மறந்துவிட்டன. வெறும் உப்புநீர் ஏற்றிய பத்தும் வழக்கம்போல ஐந்தில் துள்ளின.

ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் நோட்டை நீட்டினாள். அவர் பெரிய சந்தேகப் பிராணி.

"மருந்து எந்த எலிக்குப் போட்டோம்னு உனக்குத் தெரியும். உங்க அக்கா கதை எங்க எல்லாருக்கும் தெரியும். ஸ்டாப்வாட்ச்சைக் கொஞ்சம் தாமதமா அழுத்தியிருப்பம்மா."

"நான் பொய் எழுதுவேனா சார்?"

"நீ எழுத மாட்ட. உன் ஆசை எழுதும்."

சுருக்கென்றது. அந்தப் பயம் அவளுக்குள்ளும் இருந்தது. பொய்யானால் மூன்று மாத உழைப்போடு அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பும் குப்பைக்குப் போகும்.

"அப்ப நாளைக்கு நீங்களே அழுத்துங்க. நான் திரும்பி நிக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம், முதல்நாள் போலவே ஊசி ஏற்றியபின், மருந்துக்குச் சிவப்பு, உப்புநீருக்கு நீலம் என்று வால்களில் போட்டிருந்த மைக்குறிகளைப் பிளாஸ்திரியால் மூடி, எலிகளைக் கலந்துவிட்டார்கள். அவள் சுவரைப் பார்த்து நின்று மனதுக்குள் எண்ணினாள். ஐந்து, ஸ்டாப்வாட்ச் டிக். அடுத்ததும் ஐந்து. மூன்றாவதுக்கு ஐந்து தாண்டியது, ஆறு தாண்டியது, சத்தமே இல்லை.

"ஒம்போது!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

"சும்மா இரும்மா, எலி பயப்படுது" என்று அதட்டினார். அவர் குரலும் ஒரு நிலையில் இல்லை.

இருபதும் முடிந்ததும் அவள் திரும்பினாள். ஆனால் சும்மாவே காலைத் தூக்காத சோம்பேறி எலிகளும் உண்டு. அவர் ஒன்பது விநாடி தாங்கிய ஒன்றை எடுத்து, பிளாஸ்திரியின் முனையை நகத்தால் சுரண்டினார்.

"சார், சீக்கிரம் சார்!"

"இரு, பிச்சா அதுக்கு வலிக்கும்."

ஓரம் மெல்ல எழுந்தது. அடியில் சிவப்பு. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் அடுத்த எலிக்குக் கை நீட்டினார். மூக்குக்கண்ணாடி நழுவி நுனிக்கு வந்து தொங்கியதை அவர் கவனிக்கவே இல்லை.