ஆல்வின் பெயர் கொண்ட மீன்

மீனுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு ஈவு இரக்கம் கிடையாது. சும்மா சொல்லவில்லை, அவர்களில் ஒருத்தியோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். என் மனைவி சத்யபிரியா தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. எனக்குக் குரோம்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை.

எங்கள் ஒரே பையன் ஆல்வின் ஏழு வயதில் டெங்குவில் போய்விட்டான். அடுத்த வருஷம் கோவளத்து வலையில் அவளுக்குச் சில பொடி மீன்கள் கிடைத்தன. உடம்பில் நீலக் கோடு. அந்த மீன்கள் சேர்ந்த பேரினத்தில் அதுவரை தெரிந்தவை இரண்டே இனங்கள். இது மூன்றாவது என்று ஆய்விதழில் எழுதி, அவன் பெயரை வைத்தாள். கண்ணாடி வாங்க வருகிற ஒருத்தரையும் நான் விட்டதில்லை. "என் பையன் பேர்ல ஒரு மீன் இருக்கு சார்" என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

போன மாதம் அவள் நேராகக் கடைக்கே வந்தாள். கல்லூரித் தொட்டியில் வளர்த்த மீன்களுக்குக் கோடு மறைந்துவிட்டதாம். மரபணுச் சோதனையும் செய்துவிட்டாளாம். அது தனி இனமே இல்லை, ஏற்கெனவே பெயருள்ள ஒரு மீனின் குஞ்சு. முதலில் வைத்த பெயர்தான் செல்லும். ஆல்வின் பெயர் இனி செல்லாது.

"யாருக்குத் தெரியப்போகுது? பேசாம விட்டுடு பிரியா."

"எனக்குத் தெரியுதே."

"பெத்தவளே புள்ள பேரை எடுப்பாளா?" என்று கத்திவிட்டேன். கடையில் ஆள் இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. "எனக்குக் கிடைச்சது எல்லாமே குஞ்சுங்க. வளர்ந்தா எப்படி இருக்கும்னு நான் பார்க்கவே இல்லைங்க" என்றாள்.

அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது? "வேற புது மீன் கிடைச்சா அவன் பேரை வையேன்" என்றேன்.

"இந்தப் பேரினத்துல முடியாது. ஒரு தடவை வெச்ச பேரை இன்னொண்ணுக்கு வைக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் வீட்டில் திருத்தக் கட்டுரையை எழுதி முடித்து, கணினியை என் பக்கம் தள்ளினாள். "மூணு இனம்னு இருக்கிறதை ரெண்டாக்கணும். எனக்குக் கை வரலை. நீங்க அடிக்கிறீங்களா?"

ரேஷன் கார்டிலிருந்து ஆல்வின் பெயரை எடுக்க இன்றுவரை நான் போகவில்லை. அவளும் போகச் சொன்னதில்லை. மூன்றை அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தேன். கண்ணீரில் திரை தெரியவில்லை, சரியாக விழுந்திருக்கிறதா என்று அவளைத்தான் கேட்டேன்.