கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் கம்பத்தின் மேல் பொருத்திய கேமராவுக்கு 'ஞானக்கண்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டி எத்தனை வேகத்தில் போனாலும் அது கண்ணாடிக்குள் புகுந்து பார்க்கும். ஓட்டுபவர் கையில் செல்போன் இருந்தால் படம் பிடிக்கும். மனிதக் கை படாமலே அபராதம் வீடு தேடிப் போகும். திறப்பு விழாவில் அப்படித்தான் பேசினார்கள்.

அந்தப் படாத கை சுகிர்தாவுடையது.

தொழிற்பேட்டைக்குள் ஒரு குடோனின் மாடியில் அவளையும் நந்தினியையும் சேர்த்து எட்டுப் பெண்கள் எட்டுத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரம் சந்தேகப்பட்டு அனுப்புகிற படங்களைப் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று அழுத்த வேண்டும். இயந்திரமோ மாமியாரைவிடச் சந்தேகம் பிடித்தது. வடை தின்றாலும் போன், தலை சீவினாலும் போன், பல்வலிக்காரன் தாடையைப் பிடித்தாலும் போன்.

இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். கம்பத்தை நட்ட இடம்தான் வினை. சரியாக நாற்பதடி முன்னால் சாலையோரம் எல்லையம்மன் கோயில். அந்த வழியாகப் போகிற டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்து, மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் போவார்கள்.

"யாருடி இந்த எடத்துல போயி நட்டது?" என்று முதல் நாளே கேட்டாள் நந்தினி.

"மேப்புல கோயிலே இல்லியாம்க்கா" என்றாள் சுகிர்தா.

சூப்பர்வைசர் விஷ்ணுவர்தன் திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். "நீங்க 'இல்லை' அழுத்த அழுத்த அது கத்துக்கும் மேடம்" என்று தைரியம் சொன்னார். எட்டு மாதமாக அழுத்தினார்கள். பெண்கள்தான் கற்றுக்கொண்டார்கள். விரல் இடுக்கில் போனின் விளிம்பு எப்படித் தெரியும், வெறும் கன்னம் எப்படித் தெரியும் என்று சுகிர்தாவுக்கு ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

ஒரு வியாழக்கிழமை காலை விஷ்ணுவர்தன் படபடவென்று வந்தார். "சென்னைலேந்து பெரிய அதிகாரி வர்றார். டெமோ. ஒரு மணி நேரம் எல்லாரும் கேன்டீன்ல உட்காருங்கோ. சீட்ல ஒருத்தரும் இருக்கப்படாது."

"அப்ப படத்த யாரு சார் பாக்கிறது?" என்றாள் சுகிர்தா.

"மெஷின் பாக்கும்."

"அதுவாவா?" என்றாள் நந்தினி. அவர் வழக்கமாகப் பூட்டி வைக்கிற செல்போன்களைத் திருப்பிக் கொடுத்தார். சத்தம் போடாமல் இருக்க வேண்டுமே!

கேன்டீனில் டீயும் ஆறிப்போய், பேச்சும் ஓய்ந்துபோய், சுகிர்தா புருஷனுக்குப் போன் போட்டாள். அந்தோணி ஒரு கம்பெனிக்கு டெம்போ ஓட்டுகிறான்.

"இன்னாயா, நாஷ்டா துன்னியா?"

"வண்டில கீறேன். சீக்கிரம் சொல்லு."

அவள் சீக்கிரம் சொல்லவில்லை. எட்டுப் பேரையும் ஒளித்துவைத்த கதையை நந்தினியின் நக்கலையும் சேர்த்துச் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பு பக்கத்து மேசைக்குக் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு விஷ்ணுவர்தன் இறங்கி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. "நூத்தம்பது வண்டில நூத்தி முப்பத்தெட்டு போன்னு சொல்லிடுத்து."

"அதிகாரி திட்னாரா சார்?"

"கை குலுக்கினார். 'இத்தனை குற்றவாளிகளை இத்தனை மாசமா யார் விட்டுண்டிருந்தா?'ன்னு கேட்டார்."

விட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டுப் பேரும் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டது. மனிதத் தலையீட்டால் துல்லியம் குறைந்ததாகக் காரணம்.

அடுத்த இரண்டு வாரம் ஞானக்கண் தனியாக ஆண்டது. மினி பஸ் டிரைவருக்கு ஒரே நாளில் ஆறு அபராதம். அவர் போகவர ஆறு தடவை பக்தியோடு கடந்திருந்தார். கோயில் பூசாரிக்கே அவருடைய மொபெட்டின் பேரில் ஒன்று வந்தது. கடைசியில் ஜனங்கள் அம்மன் வாசலிலேயே மறியலில் உட்கார, எளாவூர் சோதனைச் சாவடி வரை லாரிகள் நின்றன.

அதிகாரி கேமராவைத் தொடவில்லை. அதற்குப் பதிலாகக் 'குறை தீர்ப்புப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கினார். அதில் வேலை பார்க்க ஆட்கள் வேண்டியிருந்தது. அதே மாடி, அதே நாற்காலி, அதே எட்டுப் பேர். திரையில் இருந்த பொத்தான்களின் பெயர் மட்டும் 'ஏற்பு', 'நிராகரிப்பு' என்று மாறியிருந்தது.

"பத்துக்கு ரெண்டுதான் ஏத்துக்கணும் மேடம்" என்றார் விஷ்ணுவர்தன். "மெஷின் மேல ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடப்படாது பாருங்கோ."

வந்த மனுக்களைப் படித்தால், எல்லையம்மனுக்கு அந்த இரண்டு வாரத்தில் சேர்ந்த பக்தர்கள் ஆடித் திருவிழாவுக்குக்கூட வந்திருக்க மாட்டார்கள். கன்னம் என்று எழுதினால் தப்பிக்கலாம் என்று செய்தி பரவியிருந்தது. நிஜமாகவே போன் பேசியவர்களும் அம்மனைச் சாட்சிக்கு இழுத்தார்கள். கறுப்புச் சட்டையும் பேட்ஜுமாகப் படத்தில் இருந்த ஒருவர், 'தாயைக் கண்டதும் மெய்மறந்து வணங்கினேன்' என்று எழுதியிருந்தார்.

ஐந்தாம் நாள் அந்தோணியின் மனு வந்தது.

சுகிர்தா பெயரை இரண்டு முறை படித்தாள். 'எல்லையம்மன் கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.' படத்தைத் திறந்தாள். கண்ணாடியில் அவள் கட்டிவிட்ட ஜெபமாலை தொங்கியது. கன்னத்தில் கை. விரல் இடுக்கில் போனின் விளிம்பு. வாய் நிறையச் சிரிப்பு. அந்த வியாழக்கிழமை, பதினொன்று பதினாலு. யாரோடு பேசிச் சிரிக்கிறான் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

பக்கத்தில் நந்தினி வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொடுக்கில் 'ஏற்பு' கொடுத்துவிடலாம். விரல் அங்கே போகவும் போயிற்று. எட்டு மாதம் பார்த்துப் பழகிய கண் விடவில்லை. நிராகரித்தாள்.

அன்று சாப்பிடும்போதுதான் அந்தோணிக்குச் செய்தி வந்தது. "எவளோ ஒருத்தி தள்ளிட்டாளாம்."

"எவளோ இல்ல. நான்தான்."

அவன் கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது. "போன் பண்ணதே நீதானடி!"

"ஆமா. வண்டில கீறேன்னு சொல்லியும் நான் வுடல, எம்மேலயும் தப்புதான். அதுக்குன்னு அம்மன எதுக்குயா இழுத்த? ஃபாதர் காதுக்குப் போனா இன்னா சொல்லுவ?"

"ஸ்டாண்டுல அப்டி எழுதுனாதான் ஏத்துக்கிறாங்கன்னானுங்க..."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தோணி தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

மறுநாள் அவள் கணக்குப் பார்க்கவில்லை. கன்னம் என்றால் கன்னம், போன் என்றால் போன். மதியத்துக்குள் நாற்பத்தொரு மனுக்களை ஏற்றிருந்தாள். விஷ்ணுவர்தன் ஓடி வந்தார்.

"மேடம், பத்துக்கு ரெண்டுன்னு சொன்னேனே!"

"சார், கட்டுன புருஷனையே தள்ளிட்டு வந்துக்கீறேன். எனுக்குப் பாக்கத் தெரியும். வாணாம்னா இன்னொரு தபா ஊட்டுக்கு அனுப்பிடுங்க."

அவர் போகவில்லை. இடமும் வலமும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு மனு நம்பர் தர்றேன், கொஞ்சம் பாத்துடுங்கோ. ஆத்துக்காரி வைஜயந்தி. ஸ்கூட்டில போறச்சே தலைல பூவைச் சரி பண்ணிண்டிருந்தா, பாவம்" என்றார்.

சுகிர்தா நம்பரைத் தட்டினாள். படம் வந்தது. பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"பூ எங்க சார்?" என்று கேட்டாள்.