பங்கேற்பாளர் மூன்று

லின்சி ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டாள். அதற்குள் டீன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நீ பின்னாடி வண்டியில வா."

"அம்மா பக்கத்துல உக்காரணும் டீன்."

"அதை அம்மா சொல்லட்டும்," என்றான் அண்ணன்.

அம்மா மௌரீன் கறுப்புக் கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லின்சி காலை வெளியே எடுத்தாள். உயரத் தொப்பி போட்ட சவ அடக்கக்காரர் தன் காலணியைப் பார்ப்பதுபோல் நின்றிருந்தார். அவர் பார்க்காத குடும்பமா? யாரையாவது ஒருவரைப் பின்வண்டிக்குத் தள்ளாமல் எந்த ஊரிலும் சாவு நடப்பதில்லை.

பின்வண்டியில் ஷீலா அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. பக்கத்து இருக்கையில் இருந்த கைப்பையை ஏதோ உயிருள்ள பிராணியைத் தூக்குவதுபோல் மெதுவாகத் தூக்கி மடியில் வைத்தாள்.

"மூணாவது வண்டி சொல்லலை. சொல்லியிருந்தா அதுல ஏத்தியிருப்பேன் உன்னை," என்றாள்.

அப்பா ராய் டாட்டர்சால் இருபத்தாறு வருஷம் ஹாக்கன்ஷாவில் பேருந்து ஓட்டியவர். பத்தொன்பது வருஷம் நகரசபை உறுப்பினர். போன வியாழக்கிழமை தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தவர், துடைப்பத்தோடு அப்படியே சாய்ந்தார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் லின்சி. அரசியல் படிக்க இருநூறு மைல் போனாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் நடந்துகொண்டிருந்ததைப் படிக்க அவ்வளவு தூரம்.

வண்டி வெலிங்டன் தெருவில் திரும்பியது. நகராட்சி நீச்சல் குளக் கட்டடத்தின் கதவில் பலகை அடித்து ஒரு வருஷமாகிறது. அதன் முன்னால், மழைத் தூறலில், நடைபாதை ஓரமாக நாற்பது ஐம்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு நீச்சல் துண்டு. குளத்தை மூடாதே என்று ஊர்வலம் போன நாளிலிருந்து அதுதான் அவர்கள் கொடி. ஒருவர்கூடக் கத்தவில்லை. சவ வண்டி தாண்டும்போது தொப்பியைக் கழற்றுவது ஊர் வழக்கம். அதைக்கூட ஒருவரும் செய்யவில்லை.

"நல்லாப் பாத்துக்கோ," என்றாள் அத்தை. "உன் முதல் வகுப்புப் பட்டத்துக்கு வந்த கூட்டம்."

லின்சி பார்த்தாள். வரிசையின் கடைசியில் நீச்சல் சங்கத் தலைவர் நார்மன் எண்ட்விசில். ஐந்து வயதில் அவள் வயிற்றின் கீழ் கைகொடுத்து, காலை அடி, காலை அடி என்று நீந்தக் கற்றுக்கொடுத்த நார்மன் மாமா.

நடந்தது இதுதான். மூன்றாம் வருஷத்தில் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். நகரசபைகள் நடத்தும் கருத்துக் கேட்பு வெறும் சடங்கு என்று எழுத லின்சி முடிவு செய்தாள். ஐந்து பேரைப் பேட்டி கண்டாள். அதில் மூன்றாவது ஆள் அப்பா. அவர் எதையும் மறைக்கவில்லை. குளத்தை மூடும் முடிவைக் கருத்துக் கேட்புக்கு மூன்று மாதம் முன்பே எடுத்துவிட்டோம், ஊர்க்காரர்கள் அழுது அழுது பேசியதைத் தலையாட்டிக் கேட்டோம், நானும்தான் கை தூக்கினேன், அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை என்றெல்லாம் சொன்னார். பெரிய நகரத்தில் அது ஒரு செய்தியே அல்ல. ஹாக்கன்ஷாவில் அது துரோகம்.

பேட்டி கொடுப்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பெயரை மறைக்கவா, போடவா என்று அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஆனால் சொந்தக்காரரைப் பேட்டி காண வேண்டுமென்றால் துறையின் குழுவிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் ஆகும். லின்சியிடம் இருந்தது மூன்று வாரம். டாட்டர்சால் என்று போட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் அப்பாவுக்கு 'பங்கேற்பாளர் மூன்று' என்று பெயர் வைத்தாள். அடைப்புக்குறிக்குள், 'பதவியில் உள்ள உறுப்பினர், முன்னாள் பேருந்து ஓட்டுநர்'. அட மண்டூகமே, ஹாக்கன்ஷா நகரசபையில் பேருந்து ஓட்டியவர் வேறு யார்? வாக்காளர் மனம் என்று மூன்று வருஷம் படித்தவளுக்குத் தன் ஊர்க்காரனுக்கும் மூளை இருக்கும் என்று தோன்றவில்லை.

ஆய்வேட்டுக்குப் பரிசு கிடைத்தது. துறை அதை இணையத்தில் போட்டது. ஆகஸ்டில் ஊர் முழுக்க அப்பா பேசிய அந்த நான்கு பக்கத்தைப் படித்துவிட்டது. கை தூக்கியதைக்கூட ஊர் மன்னித்திருக்கும். எங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டு, உண்மையை மகளின் காதில் ஓதி, பெயரைப் போடாதே என்று ஒளிந்துகொண்டானே கோழை என்பதுதான் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். செவ்வாய்க்கிழமைதோறும் முப்பது வருஷம் அந்தக் குளத்தில் நீந்தியவள் மௌரீன். தோழிகள் ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்தினார்கள். அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு லின்சியின் பழைய அறைக்குப் போனாள். ராயிடம் பேசுவதையும் நிறுத்தினாள். மூன்று மாதம். வியாழக்கிழமை வரை.

தகனக்கூடத்தில் இருபது நிமிஷம். கட்சி ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தது, ஆள் அனுப்பவில்லை. சடங்கை நடத்திவைத்த பெண்மணி ராயை 'மக்கள் தொண்டர்' என்றாள். பின்வரிசையில் யாரோ செருமினார்கள்.

பிறகு ஊர் கிளப்பில் சாவு விருந்து. பன்றிக்கறி சாண்ட்விச், கறி அடைத்த பேஸ்ட்ரி, ஊறுகாய் வெங்காயம். ராய் வழக்கமாக உட்காரும் மூலை மேசையில் அவர் படத்தை வைத்து, பக்கத்தில் ஒரு முழுக் கோப்பை பியர் ஊற்றி வைத்திருந்தார்கள். அது செத்தவருக்கு. வேறு யாரும் தொடுவதில்லை. நூறு பேருக்குச் செய்த சாண்ட்விச்சுக்குப் பதினாறு பேர் வந்திருந்தார்கள். லின்சி தட்டை ஏந்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். டீன் அவள் தட்டிலிருந்து எடுக்காமல் எழுந்து போய் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. நார்மன் வந்தார். துண்டு இன்னும் கழுத்தில்.

டீன் எழுந்தான். "அதைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

"கழட்ட மாட்டேன். மௌரீனுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." அவர் அம்மாவிடம் திரும்பினார். "உன்மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல மௌரீன். மூடணும்னு கை தூக்கினான், சரி, அவன் நெலைமை அப்படி. நாப்பது வருஷப் பழக்கம். செஞ்சேன்னு தன் பேரைப் போட்டுச் சொல்ல அவனுக்குத் துப்பில்லையே. அதைத்தான் தாங்க முடியலை."

யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று லின்சி பார்த்தாள். டீன் தரையைப் பார்த்தான். அம்மா தலையை ஆட்டினாள். ஆமாம் என்பதுபோல், மெல்ல, இரண்டு தடவை.

ஐந்து நாளாக அப்பாவின் ஒப்புதல் படிவம் லின்சியின் பைக்குள் கிடந்தது. மதிப்பெண் வந்ததும் கிழித்துப்போட வேண்டிய தாள். எடுத்து நீட்டினால் பரிசு போகும், பட்டமே போனாலும் போகும். ஜனவரியில் சேரவேண்டிய வேலையும் போகும். கிழித்துப்போட்டால் அப்பா கோழையாகவே கிடப்பார். இறுதிச் சடங்குவரை போகட்டும், பிறகு யோசிக்கலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். அம்மாவின் அந்தத் தலையாட்டலைப் பார்த்தபின் இனி யோசிக்க முடியாது என்று தோன்றியது. தட்டைக் கீழே வைத்தாள்.

"பேரைப் போடுன்னுதான் அப்பா சொன்னாரு," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான்தான் போடலை."

தாளை நார்மனிடம் கொடுத்தாள். கண்ணாடி கொண்டுவராததால் அவர் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். 'என் உண்மைப் பெயரைப் பயன்படுத்தலாம்' என்ற கட்டத்தில் தாள் கிழியும்படி அழுத்திப் போட்ட குறி. கீழே ஆர். டாட்டர்சால். பிப்ரவரி பதினான்கு.

"பத்தொம்பது வருஷமா பேரைப் போட்டுத்தான் ஓட்டுக் கேட்டேன், இதுக்கும் போட்டுக்கோன்னாரு. சொந்த அப்பான்னு தெரிஞ்சா மார்க் போயிடும்னு நான்தான் மறைச்சேன்."

"ஆகஸ்டுல ஏன் சொல்லலை?" டீனின் குரல் தடித்திருந்தது. "ஜன்னல்ல முட்டை அடிச்சப்போ ஏன் சொல்லலை?"

"பட்டம் போயிடும்னு பயந்தேன். அப்பா போன்ல சொன்னாரு. நீ வாயைத் தொறக்காதே, ஊர்க்காரங்க ஒரு வருஷத்துல மறந்துடுவாங்க, நான் பாத்துக்கறேன்னாரு."

"சீ," என்றாள் ஷீலா அத்தை.

நார்மன் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது இருக்குமோ என்பதுபோல். ஒன்றுமில்லை. "நீந்தக் கத்துக்கொடுத்தேனே உனக்கு," என்றார்.

"அவர் வீட்ல இருந்துதான் பேசினாரா?" அம்மா கேட்டாள். காலையிலிருந்து லின்சியிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஆமாம்மா. மாடிப்படியில உக்காந்து. அம்மாவுக்கும் சொல்ல வேணாம், அவ மனசு தாங்காம யார்கிட்டயாவது சொல்லிடுவான்னாரு."

மௌரீன் எழுந்தாள். லின்சி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அம்மா ஒரு நாற்காலியைத் தாண்டுவதுபோல் அவளைத் தாண்டிப் போனாள். மூலை மேசைக்குப் போய்ப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். கோப்பையில் நுரை எப்போதோ அடங்கிவிட்டிருந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்தாள். அம்மா பியர் குடித்து லின்சி பார்த்ததே இல்லை. அந்த வாசனையே ஆகாது அவளுக்கு. மூச்சு விடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். மோவாயில் வழிந்து கறுப்பு உடையில் சொட்டியது.

நார்மன் கழுத்துத் துண்டை உருவி அவளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.