அக்காவின் தட்டைப் பாதம்

என் அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. குழந்தைகள் வார்டில் இருபது வருடமாக நர்ஸ். பாதம் இரண்டும் தட்டை. சாயங்காலமானால் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். அதற்காக ஒரு நாள் லீவு போட்டிருப்பாளா? ஊஹூம். "எட்டு மணி நேரம் நிற்கலாமென்று டாக்டர் எழுதித் தரணும், இல்லாவிட்டால் வார்டை விட்டு ஃபைல் ரூம் வேலைதான்" என்று மேட்ரன் கறாராகச் சொன்னபிறகுதான் என்னிடம் வந்தாள். அந்த வார்டுதான் அவளுக்கு உயிர்.

நடையைச் சோதிக்கும் அறையில் எனக்கு வேலை. காலில் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, தசை படும் பாட்டைத் திரையில் கோடாகப் பார்ப்போம். அக்காவை வெறும் ஷூவோடு நடக்கவிட்டேன், கோடு எகிறியது. அவள் பாதத்துக்கென்றே வளைவு வைத்துச் செய்த இன்சோலை ஷூவுக்குள் போட்டேன். கோடு இறங்க வேண்டும். இறங்கவில்லை. மூன்று தடவையும் அதே கதை.

கூடவே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இன்சோல் உங்க அக்காவுக்கு உதவல போலிருக்கே. எப்படிங்க எழுதித் தர்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினைத் திட்டினேன், இன்சோல் செய்தவனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே குனிந்து பார்த்தால், அவள் கணுக்காலின் உள்பக்க நரம்பு விண்ணென்று நிற்கிறது. அட! தாங்குவதற்கு இன்சோல் இருந்தும், பாதத்தை இவளே மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்!

"அக்கா, கால தளர விடு."

"விட்டுட்டுத்தான்டா நடக்கறேன்."

சொல்லிப் பயனில்லை. பேச்சை மாற்றினேன். "ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில ஒளிஞ்சுதே ஒரு வாலு, அது என்ன ஆச்சு?"

"அதையேன் கேக்கற!" கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டே நடந்தாள். கோடு சரசரவென்று இறங்கியது. டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பேசிக்கிட்டே இன்னொரு தடவ நடங்கம்மா!" இன்னும் நாலு தடவை நடந்தாள். வார்டில் நிற்கலாமென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பிறவியில் இல்லாத வளைவை வெறும் தசையால் தூக்கிப் பிடித்துக்கொண்டா இவ்வளவு காலமும் கட்டிலுக்குக் கட்டில் ஓடினாள்? அதுவும் சிரித்த முகத்தோடு! என்னால் அரை நாள் முடியாது.

"எதுக்குக்கா இப்படி இழுத்துப் பிடிச்சே?"

"சின்ன வயசுல என் ஈரக்கால் தடம் பலகை மாதிரி விழும். ஒருத்தன் 'பலகைக்கால், பலகைக்கால்'னு கத்தித் தெருவையே கூட்டிட்டான். அன்னைக்கு வளைச்சு நடக்க ஆரம்பிச்சது, அப்படியே பழகிப்போச்சு."

"எவன் அவன்? பல்லப் பேத்துடறேன்!"

அக்கா ஷூ கயிற்றை முடிந்துவிட்டு என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"நீதான்டா. அப்போ உனக்கு அஞ்சு வயசு. சரி, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

எனக்கு அது நினைவில்கூட இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மன்னிப்புக் கேட்க நிமிர்வதற்குள் அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.