இடமாகச் சுற்றிய கூடை

ஊர்க்கோடிப் பயிற்சிக் கூடத்தில் எல்லாருடைய கூடையும் வலமாகச் சுற்றி வளர்ந்தது. ஒருத்தியுடையது மட்டும் இடமாகச் சுற்றியது. அவளுக்கு ஊசி பிடிக்கும் கை இடது கை. பிறந்தபோதே கூட வந்த கை, கண்ணுகளா; அவள் என்ன செய்வாள்?

கோரைப்புல்லைக் கத்தையாகச் சேர்த்து, நார் கோத்த ஊசியால் சுருள் சுருளாகத் தைப்பதுதான் அங்கே வேலை. ஒருத்தி அடியைப் போட்டுக் கொடுப்பாள். இன்னொருத்தி வாங்கிச் சுவரை எழுப்புவாள். பயிற்சி முடிந்ததும் நன்றாகத் தைப்பவர்களை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் செங்கல் சூளையை விட்டு வந்தாள். இது கிடைக்காவிட்டால் மறுபடியும் தலையில் கல், கண்ணில் புகை.

பயிற்சி முடியப்போகும் நேரத்தில் டீச்சரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் தையலைக் குறை சொல்ல முடியாதும்மா, எறும்புகூட நுழையாது. ஆனா நீ போட்ட அடியை வேற யாரும் தொட முடியலையே! எல்லாருக்கும் ஊசி எதிர்ப்பக்கமா போகுது. சோடி இல்லாம உன்னை எப்படி வேலைக்கு வைக்கிறது?"

"வலது கையில தைச்சுப் பார்த்தேன் டீச்சர்."

"நானும் பார்த்தேனே. அது கூடையா, காக்கா கூடா?"

டீச்சரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, கூடவே கண்ணீரும்.

தைத்து முடித்த அடியோடும், மீதிக் கோரை, நார், ஊசியோடும் வீட்டுக்கு வந்தாள். மாமியார் ஏற இறங்கப் பார்த்தாள். "என்னடி, மூஞ்சி கவுத்த சட்டி மாதிரி இருக்கு?"

விஷயத்தைச் சொன்னாள்.

"நொட்டாங்கையை அடக்கு, அடக்குன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? இந்தா, அந்த டம்ளரையாவது வலது கையால குடு."

மருமகள் டம்ளரை வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். மாமியாரைப் பேசி ஜெயித்தவள் எந்த வீட்டில் இருக்கிறாள்? கூடையை மூலையில் வைத்துவிட்டுக் குடத்தோடு கிளம்பினாள்.

குழாயடியில் நல்ல கூட்டம். திரும்பி வந்தவள் மூலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அடியின் மேல் ஒரு சுற்றுச் சுவர் எழும்பியிருந்தது. அதுவும் இடமாகவே.

"அத்தே, யார் வந்தாங்க?"

"யார் வருவா? காத்து வந்துச்சு."

"காத்துக்கு ஊசி பிடிக்கத் தெரியுமா?"

"தெரிஞ்சா உனக்கென்ன நஷ்டம்? அடுப்பைப் பாரு."

மறுநாளும் குடத்தோடு கிளம்பினாள். தெருமுனைவரை போனவள், வெறுங்குடத்தோடு திரும்பி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, கூடையை மடியில் போட்டு, இடது கையால் சரசரவென்று தைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் வீட்டில் தைத்துப் பழகும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து திட்டியவள், கண்ணை மட்டும் அந்த ஊசியிலேயே வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"அத்தே!"

ஊசி சட்டென்று வலது கைக்குத் தாவியது. தாவி என்ன பயன்? கையும் களவுமாக அல்லவா பிடிபட்டாள்!

"சின்ன வயசுல எங்கம்மா கரண்டிக் காம்பாலயே போட்டு மாத்திட்டா," என்றாள், தலையைத் தூக்காமல். "சாப்பிட, பெருக்க, எல்லாம் மாத்திக்கிட்டேன். இந்த ஊசியைக் கண்டா மட்டும் பாழாப்போன கை தன்னால நீளுது."

"அப்ப என்னை மட்டும் ஏன் அத்தனை பேச்சு பேசினீங்க?"

"நான் பட்ட ஏச்சை நீயும் நாலு பேர்கிட்ட படக் கூடாதுன்னுதான். மாமியார் உடைச்சா மண்குடம்னு பழமொழி சொல்லப் போறியா? சொல்லிக்க."

"பழமொழி இருக்கட்டும். நாளைக்கு என்கூடக் கூடத்துக்கு வாங்க."

"இந்த வயசுலயா? ஊரே பார்க்க நொட்டாங்கையைத் தூக்கிக்கிட்டா?"

"வராட்டி நான் சூளைக்குத்தான் போகணும், அத்தே."

மாமியார் ஒரு தையல் போட்டாள். நாரை இழுத்து இறுக்கினாள்.

"அந்த நீலப் புடவையை எடுத்து வை," என்றாள்.

கூடத்தில் டீச்சரம்மா, மருமகள் போட்ட அடியை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மதியம் வந்து கூடையைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஊசி எங்கே கை மாறியது என்று அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டு பேருக்கும் வேலை உண்டு. வரிசைக் கடைசியில உட்காருங்க. பக்கத்துல இருக்கறவங்க விலாவை முழங்கையால இடிச்சுடாதீங்க, அது போதும்."

"அப்ப மாமியார் மருமகள் சண்டை இனிமே இங்கதானா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்க வேலை. சண்டைக்குத்தான் வீடு இருக்கே," என்றாள் மாமியார்.

மருமகள் அடுத்த அடியை முடித்து, பழக்கதோஷத்தில் இடது கையாலேயே நீட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் மாமியாரின் இடது கை அதை வாங்கிவிட்டிருந்தது.